லிட்டர் கணக்கைக் கடைசியில் போடுங்கள்

சொந்தமாக அலுமினியப் பெட்டி செய்துகொள்ளும் மோட்டார் சைக்கிள் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நெடும்பயண நண்பர்களே,

லடாக், ஸ்பிதி, அருணாசலம் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற நம் ஊர்க்காரர்கள் பலர், வண்டியின் இரு பக்கமும் மாட்டுகிற அலுமினியப் பெட்டிகளைப் பட்டறையில் சொந்தமாகச் செய்துகொள்கிறார்கள். தகட்டு வேலையும் பைக் பயணமும் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. ஐரோப்பியக் கம்பெனிப் பெட்டிகளின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. கைத்திறன் நம்மிடம் குறைவில்லாமல் இருக்கிறது. பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூரில் அலுமினியத் தகடும் ரிவெட்டும் அன்றாடப் புழக்கம். கோவையில் தகட்டை வெட்டி, மடித்து, துளைபோட்டுத் தருகிற பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. நம்மில் பலர் ஓட்டுகிற ஹிமாலயன் வண்டியே சென்னைக்குப் பக்கத்தில்தான் தயாராகிறது. அதற்கேற்ற நல்ல பெட்டியும் இங்கேயே உருவாக வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பெட்டி செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் போடலாம்?" அடுத்துக் கேட்பது, "எவ்வளவு கனமான தகடு போடலாம்?" இந்த இரண்டு கேள்விகளில் தொடங்கும் பெட்டி பெரும்பாலும் அகலமாகவும் கனமாகவும் வந்து முடிகிறது. சரளைக் கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டி என்றாவது சாயும். சாயும்போது தரையில் முதலில் படுவது பெட்டிதான். அந்த நொடியில் உங்கள் கால் எங்கே இருக்கும், வண்டியின் ஃபிரேமுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு வரையத் தொடங்குங்கள். லிட்டர் கணக்கு கடைசியில் தானாக வந்து சேரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வண்டியைக் காட்டுகிறேன். ஸ்பிதி போய்த் திரும்பிய ஒரு ஹிமாலயன் பட்டறைக்கு வந்தது. பெட்டிகள் செக்கர் பிளேட்டில் செய்தவை. பஸ் தரைக்கும் படிக்கட்டுக்கும் போடுகிற அதே 3 மி.மீ. தகடு. கிராம்பூவிலிருந்து பாட்டல் போகிற சாலையில், கூழாங்கல் நிறைந்த ஓடையைக் கடக்கும்போது வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பெரிய வேகம்கூட இல்லை. பெட்டியின் மூலையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பெட்டி அசையாமல் நின்றதை அந்த நண்பர் பெருமையோடு சொன்னார். பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். ரேக் சைலன்சர் பக்கமாக உள்ளே மடங்கியிருந்தது. ரேக்கை ஃபிரேமோடு பிணைக்கிற மேல் போல்ட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, துளையின் ஓரத்தில் கிளம்பி வெல்டிங் தழும்புவரை ஓடிய ஒரு விரிசல் தெரிந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும். பெட்டி வாங்க வேண்டிய அடியை ஃபிரேம் வாங்கியிருந்தது. அந்த விரிசலோடுதான் அவர் மணாலியிலிருந்து கோவைவரை ஓட்டி வந்திருக்கிறார்.

அடி எங்காவது போய்த்தான் தீரும். எங்கே போகவேண்டும் என்பதை முடிவு செய்வதே பெட்டி வடிவமைப்பின் முதல் வேலை. எது எதற்குப் பிறகு உடைய வேண்டும் என்ற வரிசையை வரைபடத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். முதலில் உடைய வேண்டியது, பெட்டியை ரேக்கில் மாட்டுகிற நைலான் வில்லை. அடுத்து நெளிய வேண்டியது பெட்டியின் மூலை. அதற்கும் மிஞ்சினால் ரேக் வளையலாம். ஃபிரேமுக்கு அடி போகவே கூடாது. வில்லையை வழியில் மாற்றலாம், மூலையைச் சுத்தியலால் தட்டி எடுக்கலாம், ரேக்கை ஏதாவது ஒரு வெல்டிங் கடையில் நிமிர்த்தலாம். ஃபிரேம் போனால் பயணமே போயிற்று.

அடுத்தது கால். மணலிலும் சரளையிலும் வண்டி தடுமாறினால் காலைத் தரையில் ஊன்றுகிறோம். ஊன்றிய கால் அங்கேயே நிற்கிறது, வண்டி முன்னே நகர்கிறது. பெட்டியின் முன் விளிம்பு கெண்டைக்காலில் வந்து இடிக்கிறது. வண்டியும் சாய்ந்துவிட்டால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே பாதம் மாட்டிக்கொள்கிறது. கெட்டியான பக்கப் பெட்டியோடு கரடுமுரடான பாதையில் போகிறவர்களுக்குக் கணுக்கால் முறிவது இப்படித்தான். ஆகவே பாதத்தைத் தரையில் ஊன்றி நிற்கும்போது கெண்டைக்காலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். பெட்டியின் முன் கீழ் மூலையைச் சரிவாக வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கக் கீழ் விளிம்பையும் சரிவாக்கினால் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரை உரசாது. இந்தச் சரிவுகளால் ஓரிரு லிட்டர் குறையும். குறைந்தால் குறையட்டும்.

பிறகு அகலம். பெட்டிகளின் மொத்த அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. ஹேண்டில்பார் நுழைந்த சந்தில் வண்டி முழுதும் நுழையும் என்று நம்பித்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். அந்த நம்பிக்கையைப் பெட்டி பொய்யாக்கினால் லாரியின் ஓரத்திலோ, சாலையோரம் நடப்பவரின் முழங்காலிலோ போய் இடிக்கும். 411 சிசி ஹிமாலயனின் அகலம் 840 மி.மீ. உங்கள் ரேக்கின் வெளி அகலம் 440 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீதி 400. பக்கத்துக்கு 200. மாட்டும் வில்லைக்கு 10 மி.மீ. விட்டால் பெட்டியின் அகலம் 190. நீளம் 450, உயரம் 400 வைத்தால் 34 லிட்டர் வருகிறது. சரிவுகளைக் கழித்தால் 32 சொச்சம். இதுதான் உங்கள் வண்டி உங்களுக்குத் தருகிற லிட்டர். 45 லிட்டர் வேண்டுமென்று அடம்பிடித்தால் அந்தக் கூடுதல் லிட்டர் முழுதும் போக்குவரத்துக்குள்தான் நீட்டிக்கொண்டு நிற்கும்.

சைலன்சர் மேல்நோக்கிப் போகிற வண்டிகளில் வலப்பக்கம் இடம் இன்னும் குறைவு. ரேக்கை அதற்காக வெளியே தள்ளினால் அந்தப் பக்கம் மட்டும் அகலமாகிவிடும். இரண்டு பெட்டிகளின் வெளி முகமும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். வலப்பக்கப் பெட்டியை ஒல்லியாகச் செய்யலாம், அல்லது சைலன்சருக்கு இடம்விட்டு உள்முகத்தைக் குடைந்து மடிக்கலாம். சைலன்சருக்கும் தகட்டுக்கும் இடையே நான்கு விரல் காற்றோட்டம் வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பு, ஸ்பிரே டப்பா, மருந்துப் பை ஆகியவற்றை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

இவை எதையும் காகிதத்தில் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, முழு அளவில் அட்டைப் பெட்டி செய்து, டேப் போட்டு வண்டியில் ஒட்டுங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள். இரு கால்களாலும் தரையை உந்தி வண்டியைப் பின்னுக்கும் முன்னுக்கும் நகர்த்துங்கள். பின்னால் உட்காருகிறவரை ஏற்றி, அவருடைய குதிகால் எங்கே படுகிறது என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டில் போட்டு, பெட்டியின் அடிக்கும் தரைக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பின் சக்கர ஆக்ஸிலை உருவ வழியிருக்கிறதா, செயினை இறுக்கும் நட்டுக்கு ஸ்பேனர் போகிறதா என்று பாருங்கள். நடுவழியில் பஞ்சர் ஆகும்போது ரேக்கையே கழற்ற வேண்டி வந்தால் அது பெரும் தொல்லை. பின்னால் பத்தடி தள்ளி நின்று இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். அட்டையில் வருகிற பிழைக்கு ஒரு கத்தி போதும். அலுமினியத்தில் வருகிற பிழை தகட்டையே தின்றுவிடும்.

இனி தகடு. அலுமினியத் தகடு என்று கேட்டு வாங்கினால் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 1100 போன்ற, 99 சதவீதம் சுத்தமான வகை. நன்றாக மடியும், ஆனால் மென்மையானது. ஒரு முறை விழுந்தால் குழிந்துவிடும். நமக்குத் தேவை 5052. இதில் சுமார் 2.5 சதவீதம் மெக்னீசியம் கலந்திருக்கும். எச்32 என்ற பதத்தில் வாங்கினால் மடிப்பிலும் விரிசல் விடாது, உப்புக் காற்றையும் தாங்கும், வளையாமல் தாங்கும் வலு 1100-எச்14 தகட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 6061-டி6 அதைவிட வலுவானதுதான். ஆனால் சிறிய ஆரத்தில் மடித்தால் மடிப்பின் வெளிமுகத்தில் வெடிக்கும். பெட்டி என்பதே மடிப்புகளால் ஆனது என்பதால் 6061 இங்கே உதவாது. தகட்டில் கிரேடு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள்.

கனம் எவ்வளவு? ஐரோப்பாவின் பேர்பெற்ற பெட்டிகள் பெரும்பாலும் 1.5 மி.மீ. தகட்டில் செய்யப்படுகின்றன. பட்டறைக் கணக்கில் 16 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.6 மி.மீ., 14 கேஜ் என்றால் 2 மி.மீ. மேலே சொன்ன 450×190×400 பெட்டியின் மொத்தப் பரப்பு 0.68 சதுர மீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பதால் 1.5 மி.மீ. தகட்டில் வெறும் பெட்டி 2.8 கிலோ வரும், 2 மி.மீ.யில் 3.7 கிலோ, 3 மி.மீ.யில் 5.5 கிலோ. அதாவது 3 மி.மீ. போட்டால் ஒரு துணிகூட வைப்பதற்கு முன்பே இரு பக்கமும் சேர்ந்து ஐந்தரைக் கிலோ கூடுதல் சுமை.

தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியாக ஏறும். 1.5 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குப் போனால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், விறைப்போ இரண்டு மடங்குக்கு மேல் கூடும். அதனால் எல்லா முகத்துக்கும் ஒரே தகடு வேண்டியதில்லை. சுமை தாங்கும் உள்சுவர், அடிப்பாகம், தரையில் படும் வெளிச்சுவர் மூன்றையும் ஒரே 2 மி.மீ. தகட்டில் 'ப' வடிவத்தில் மடியுங்கள். முன், பின் முகங்களுக்கும் மூடிக்கும் 1.5 போதும். ஓரமடிப்புகளையும் சேர்த்து நாலு கிலோவுக்குள் நிற்கும். இப்படி மடிப்பதில் இன்னொரு லாபம், எடை முழுவதையும் தாங்குகிற அடிமூலைகளில் ஒட்டே வராது. அகன்ற முகங்கள் ஓட்டத்தில் அதிர்ந்து ஒலி எழுப்பாமலிருக்க, ஏசி டக்ட் செய்கிறவர்கள் மூலைக்கு மூலை லேசாகக் குறுக்கு மடிப்புப் போடுவார்களே, அதைப் போடச் சொல்லுங்கள். காசில்லாமல் கிடைக்கிற விறைப்பு அது.

மடிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். 2 மி.மீ. தகட்டுக்கு உள்மடிப்பின் ஆரம் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். தகடு உருட்டப்பட்ட திசையின் கோடுகள் அதன் மேல் மெல்லியதாகத் தெரியும். மடிப்புக் கோடு அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும், அவற்றோடு இணையாக ஓடக் கூடாது. அளவு குறிக்க ஊசியால் கீறாதீர்கள், மார்க்கர் போதும். மடிப்பின் வெளிப்புறத்தில் விழுந்த கீறல் பிற்காலத்தில் விரிசலாகும்.

ஒட்டுவதற்கு வெல்டிங்கா, ரிவெட்டா? ஆர்கான் வெல்டிங் பார்வைக்கு அழகு, தண்ணீரும் புகாது. ஆனால் 1.5 மி.மீ. அலுமினியத்தை நெளியாமல் பற்றவைக்கத் தேர்ந்த கை வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் தகட்டில் ஓட்டை விழுகிறது. பற்றவைத்த இடத்தைச் சுற்றித் தகடு இளகி, எச்32 பதத்தின் வலுவையும் இழக்கிறது. அதிர்வில் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். மலைப்பாதையில் அது பிளந்தால் ஆர்கானைத் தேடி அலைய முடியாது. ரிவெட் கன்னும் ஒரு கைப்பிடி ரிவெட்டும் டூல் பையில் அடங்கிவிடும்.

நான் ரிவெட் கட்சி. முன், பின் முகங்களின் ஓரத்தை 20 மி.மீ. மடித்து, 4.8 மி.மீ. பாப் ரிவெட்டால், விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, 30 முதல் 40 மி.மீ.க்கு ஒன்று வீதம் அடிக்கச் சொல்லுங்கள். முனை மூடிய வகை ரிவெட் கேட்டு வாங்குங்கள். சாதா ரிவெட்டின் நடுத்துளை வழியே தண்ணீர் கசியும். ஒட்டுக்கு இடையில் பியூ சீலன்ட் ஒரு வரி ஓடட்டும். பெட்டியை ரேக்கில் மாட்டும் இடங்களில் மட்டும் ரிவெட் வேண்டாம். உள்ளே 3 மி.மீ. தாங்கு தகடு கொடுத்து போல்ட் போடுங்கள். வெட்டிய விளிம்புகளையெல்லாம் அரம் போட்டு மழுக்கி, வெளியே தெரிகிற ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். கூரான மூலை ஒன்று, கூட்டத்தில் வண்டியை ஒட்டி நடந்துபோகிற ஒரு குழந்தையின் முக உயரத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ரேக்கை அலுமினியத்தில் செய்யாதீர்கள். 18 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் உள்ள இரும்புக் குழாய் போதும். வளைந்தால் நிமிரும், முறிந்தால் எந்த ஊர் வெல்டிங் கடையிலும் ஒட்டும். பக்கத்துக்கு மூன்று இடங்களில் ஃபிரேமைப் பிடிக்க வேண்டும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரு ரேக்குகளையும் இணைக்கும் குறுக்குக் குழாய் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ரேக்குகள் உள்ளும் வெளியும் ஆடி, போல்ட் துளைகளைத் தின்னும். எம்8 போல்ட், 8.8 தரம், நைலாக் நட். ஃபிரேமில் ஏற்கனவே இருக்கிற துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைபோடுவதும் பற்றவைப்பதும் கூடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி நிற்க வேண்டும்.

இரும்பு ரேக்கும் அலுமினியப் பெட்டியும் நேராக உரசக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் இது வேகமாக நடக்கும். நடுவே நைலானோ ரப்பரோ இருக்கட்டும். பெட்டியின் எடையைக் கீழே இரண்டு கொக்கிகள் தாங்க வேண்டும்; மேலே ஒரு பூட்டு, பெட்டி வெளியே சாயாமல் பிடிக்க வேண்டும். முதலில் உடைய வேண்டிய நைலான் வில்லை அந்த மேல் பூட்டில்தான் வரும். உபரியாகச் சில வில்லைகள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எடைக்கு வருகிறேன். உங்கள் வண்டியின் கையேட்டில் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும். அதிலிருந்து வண்டி, நீங்கள், பின்னால் இருப்பவர், ரேக், காலிப் பெட்டி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் சாமான். பெட்டித் தயாரிப்பாளர்கள் பலர் ஒரு பெட்டிக்கு 10 கிலோ என்றுதான் வரம்பு சொல்கிறார்கள். 2004-ல் நடிகர்கள் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க்குக்குச் சென்ற பயணத்தை உங்களில் பலர் தொடராகப் பார்த்திருப்பீர்கள். கூடவே வந்த ஒளிப்பதிவாளரையும் சேர்த்து மூவரும் ஓட்டியது பெரிய பிஎம்டபிள்யூ வண்டிகள், பக்கங்களில் நிறைந்த பெட்டிகள். மங்கோலியாவில் ஒளிப்பதிவாளரின் வண்டி ஃபிரேம் முறிந்து, அவர் ரஷ்ய வண்டி ஒன்றில் பயணத்தைத் தொடர நேர்ந்தது. கரடுமுரடான சாலையும் நிறைந்த சுமையும் சேர்ந்தால் பெரிய வண்டிக்கும் அதுதான் கதி.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். 411 சிசி ஹிமாலயனின் இரு சக்கர மையங்களுக்கு இடையே 1,465 மி.மீ. பின் ஆக்ஸிலுக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிலோ வைத்தால் முன் சக்கரத்தின் மேலுள்ள சுமை நான்கு கிலோ குறையும். அதே 20 கிலோவை ஆக்ஸிலுக்கு 10 செ.மீ. முன்னால் வைத்தால் முன் சக்கரத்துக்கு ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கூடும். முன் சக்கரம் லேசானால் வேகத்தில் வண்டி பாம்பாக நெளியத் தொடங்கும். கால் இடைவெளிக்குக் குறைவுவராமல் எவ்வளவு முன்னால், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அங்கே பெட்டி வரட்டும். டூல்ஸ், தண்ணீர், உதிரி டியூப் எல்லாம் பெட்டியின் அடியில், வண்டியை ஒட்டிய பக்கம். துணி மேலே. இரு பக்கமும் எடை போட்டுச் சமமாக்குங்கள்.

மூடியைப் பற்றிப் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கீழே இறுக்கி மூடிய பெட்டி மேலே போனதும் உள்ளிருக்கும் காற்றை ரப்பர் ஓரம் வழியே வெளியே தள்ளும். இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெயிலில் காய்ந்த பெட்டி பனியுருகிய ஓடையில் முங்கினாலும் அதே கதைதான், சூடு தணிந்து உள்காற்று சுருங்கும். அந்த நேரத்தில் ஓரத்தில் நிற்கிற தண்ணீரும் சேறும் காற்றோடு உள்ளே போகும். ஆகவே உள்முகத்தில், மூடி கவிழ்ந்து மறைக்கும் இடத்தில், ஒரு சிறு காற்றுத்துளை விடுங்கள். மூடியின் விளிம்பு 30 மி.மீ. கீழே இறங்கி மூடட்டும். இபிடிஎம் ரப்பர் பட்டை போடுங்கள். சாதா பஞ்சு வெயிலில் நொறுங்கிப்போகும்.

உள்ளே எப்போதும் துணிப்பை ஒன்று வேண்டும். அதிர்வில் அலுமினியம் உரசி உரசிக் கருந்தூள் உதிரும். வெள்ளைச் சட்டையில் அது ஏறினால் துவைத்தாலும் போகாது. பிஸ்கட் பாக்கெட்டின் ஓரம் தேய்ந்து கிழிந்திருந்தால் தின்பதும் அந்தத் தூளைத்தான். பைக்கு இன்னொரு பயன், இரவு லாட்ஜுக்குப் பையை மட்டும் எடுத்துப் போகலாம்.

வேலை முடிந்ததும் நேராக மணாலிக்குக் கிளம்பிவிடாதீர்கள். முழு எடையையும் ஏற்றிக்கொண்டு முதலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ ஏறி இறங்குங்கள். பெட்டியின் கீழ் விளிம்பில் உரசல் இருக்கிறதா, வில்லைகளில் ஆட்டம் வந்திருக்கிறதா, ரேக் போல்ட்டுகள் இளகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மண் தரையில், ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு, வண்டியை மெதுவாகப் பெட்டியின் மேல் சாயுங்கள். எது முதலில் வளைகிறது என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் எழுதிய வரிசைப்படி வளைந்தால் பெட்டி தேறிவிட்டது. வரிசை மாறினால் ஊரிலேயே தெரிந்துவிட்டது நல்லது, திருத்திக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அலுமினியப் பெட்டி தேவையில்லை. பெரும்பாலும் மண்பாதையில், சிறிய வண்டியில், தனியாகப் போகிறவருக்குத் துணிப் பக்கப்பைகளே நல்லவை. எடை குறைவு, விழுந்தால் காலை முறிக்காது. பூட்டிவிட்டு நம்பிப் போக வேண்டும், மழையில் நனையக் கூடாது, தார்ச்சாலையே அதிகம் என்கிறவர்களுக்குத்தான் பெட்டி.

பெட்டி செய்துகொள்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. வரைபடத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வண்டி எது, ரேக் அளவு என்ன, தகடு எது, எங்கே விழுந்தது, எது உடைந்தது, என்ன மாற்றினீர்கள் என்பதை அதன் மேலேயே எழுதி, அடுத்து பெட்டி செய்யப் போகிறவருக்குக் கொடுங்கள். தகட்டை மடித்துத் தந்த தொழிலாளிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தான் செய்த பெட்டி மலையில் என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்வதே இல்லை. அவருக்குத் தெரிந்தால் அடுத்த பெட்டி இன்னும் நன்றாக வரும். அடுத்தவரின் காலும் பத்திரமாக வீடு திரும்பும்.

அன்புடன்,
தகட்டு வேலைக்காரன் ஒருவன்,
கோயம்புத்தூர்.